உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல்: விடை வருகிறது, பொருள் வரவில்லை

நொச்சி

வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளநிலை உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் பாடம் எடுத்து வருகிறேன். என் வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு விடைகொடுத்துவிட்டு, மேல்நிலையில் வரலாறு, வணிகவியல், தொழிற்கல்வி என்று வேறு பிரிவுகளில் படித்து வந்தவர்கள். உளவியலைத் தேர்ந்தெடுத்ததற்கே கணக்கு இருக்காது என்ற நம்பிக்கைதான் காரணம் என்று சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

ஆனால் என் சிக்கல் அவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்பதன்று. வருகிறது. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, கட்டம் போட்டு, எந்த நெடுவரிசையில் எதை எழுத வேண்டும் என்று காட்டிவிட்டால், திட்ட விலக்கத்தையும் ஒட்டுறவுக் கெழுவையும் டி மதிப்பையும் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனையின் விடை) பிழையில்லாமல் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கணக்கிட்ட மதிப்பு அட்டவணை மதிப்பைவிடப் பெரிது, ஆகவே இன்மை எடுகோள் (வேறுபாடு ஏதும் இல்லை என்ற அனுமானம்) நிராகரிக்கப்படுகிறது என்று கடைசி வரியையும் அழகாக எழுதி அடிக்கோடிடுகிறார்கள். அந்த வரிக்கு என்ன பொருள், எதை நிராகரித்தோம், ஏன் நிராகரித்தோம் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது. இரு குழுக்களின் சராசரிகள் வெறும் கண்ணுக்கே வேறாகத் தெரியும்போது சோதனை எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கூறெடுப்புப் பரவல், திட்டப்பிழை என்று நான் சொன்ன விளக்கம் அவளுக்கு இன்னும் நான்கு சொற்களைத்தான் கொடுத்தது, தெளிவைக் கொடுக்கவில்லை.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. பருவத் தேர்வில் கணக்கு கையால்தான் போட வேண்டும். வகுப்பறையில் கணினி வசதியும் பெயரளவில்தான் இருக்கிறது. இந்த எல்லைக்குள், சோதனை என்றால் என்ன என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கும்படி கற்பிக்க வழி உண்டா? இதே நிலையில் இருப்பவர்கள் தாங்கள் செய்வதைப் பகிர்ந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

வெள்ளாறு

வணக்கம் அம்மா. உங்கள் மாணவி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். இரண்டு சராசரிகள் வேறாக இருப்பது செய்தியே அன்று. எந்த இரண்டு குழுக்களை எடுத்தாலும் சராசரிகள் வேறாகத்தான் இருக்கும். எவ்வளவு வேறுபாடு தானாகவே வரும் என்பது தெரிந்தால்தான், வந்திருக்கும் வேறுபாடு அதற்கு மேற்பட்டதா என்று சொல்ல முடியும். கூறுக்குக் கூறு (எடுத்துப் பார்க்கும் சிறு குழுவுக்குக் குழு) சராசரி ஆடும் என்ற இந்த ஒரு செய்தியைப் பார்க்காமலேயே மாணவர்கள் சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் கணிப்பு. அதைக் காட்டக் கணினி தேவையில்லை. தேவையான தரவு அவர்களுடைய ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கிறது.

நம் கல்லூரிகளில் செய்முறை வகுப்பு ஒரு தாள், புள்ளியியல் வேறொரு தாள். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இருப்பதில்லை. செய்முறை வகுப்பில் முல்லர்-லையர் பலகையை (அம்புமுனைகளால் கோட்டின் நீளம் மாறித் தோன்றுவதைக் காட்டும் கருவி) எல்லோரும் ஒரு முறையாவது கையில் எடுத்திருப்பார்கள். ஒரு பக்கம் அம்புமுனை உட்புறமாக மடிந்த நிலைக்கோடு, மறுபக்கம் முனை வெளிப்புறமாக விரிந்த, இழுத்து நகர்த்தக்கூடிய கோடு. இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, பலகையின் பின்புறத்தில் மில்லிமீட்டர் அளவைப் படிக்கிறோம். நிலைக்கோடு 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவரின் பத்து முயற்சிகள் இப்படி அமையலாம்: 128, 135, 122, 131, 126, 133, 120, 129, 134, 122. சராசரி 128. ஆகப் பிழை 22 மி.மீ. இதை நோட்டில் எழுதி, மாயத்தோற்றம் இருக்கிறது என்று ஒரு வரி முடிவு எழுதி, கையொப்பம் வாங்கியவுடன் அந்தத் தரவின் ஆயுள் முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், புள்ளியியல் வகுப்பு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஒரே ஆள், ஒரே பலகை, ஒரே கோடு. அப்படியிருந்தும் 120 முதல் 135 வரை ஏன் போய் வந்தது என்று முதலில் கேளுங்கள். கை நடுக்கம், பலகையை உள்ளிருந்து வெளியே இழுத்ததா வெளியிலிருந்து உள்ளே தள்ளியதா, கவனம், சலிப்பு என்று பதில்கள் வரும். திட்ட விலக்கம் என்பது இந்த அலைவின் அளவு என்று அப்போது சொன்னால் அது ஒட்டிக்கொள்கிறது. (இந்தப் பத்துக்கும் அது 5.4 அளவில் வரும்.) நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் இருக்கின்றன. ஆகவே அவர்களுக்குச் சூத்திரம் புதிதன்று, அதற்கு ஒரு பொருள் உண்டு என்பதுதான் புதிது.

அடுத்ததாக, வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் தம் சராசரிப் பிழையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடட்டும். அந்த டப்பாதான் முழுமைத் தொகுதி, அதாவது நாம் அறிய விரும்பும் மொத்தக் கூட்டம். ஒருவர் நான்கு சீட்டுகளை எடுத்துச் சராசரி காணட்டும். ஒவ்வொரு முறை எடுத்த சீட்டையும் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். இதைப் பலரும் செய்ய, கிடைக்கும் சராசரிகளைக் கரும்பலகையில் ஒரு கோட்டின்மேல் புள்ளிகளாக அடுக்குங்கள். பிறகு நான்குக்குப் பதிலாகப் பதினாறு சீட்டுகள் எடுத்து, அதே அளவுகோலில் முந்திய கோட்டுக்குக் கீழே இன்னொரு கோட்டில் புள்ளிகளை அடுக்குங்கள். இரண்டாவது குவியல் முதலாவதன் பாதி அகலத்தில் நிற்கும். கூறின் அளவு நான்கு மடங்கானால் திட்டப்பிழை (கூறுகளின் சராசரிகள் அலையும் அளவு) பாதியாகிறது என்பதை, வர்க்கமூலம் என்ற சொல்லை உச்சரிப்பதற்கு முன்பே அவர்கள் பார்த்துவிடுவார்கள். சூத்திரம் அதன் பிறகு வந்தால், பார்த்ததைச் சுருக்கி எழுதும் முறையாக அது வரும்.

இனி டி சோதனைக்கு. நினைவாற்றல் பற்றிய எளிய செய்முறை ஒன்று: எட்டு மாணவர்கள். குலுக்கல் முறையில் பிரித்து, நால்வருக்குக் காய்கறி, பறவை, பாத்திரம் என்று வகைப்படுத்திய சொற்பட்டியலும், மற்ற நால்வருக்கு அதே சொற்கள் கலைத்துப்போட்ட பட்டியலும் கொடுக்கிறோம். நினைவுகூர்ந்த சொற்கள்: வகைப்படுத்திய குழுவில் 14, 12, 15, 11, கலைந்த குழுவில் 9, 12, 8, 7. சராசரிகள் 13, 9. வேறுபாடு 4.

இந்த எட்டு எண்களையும் எட்டுச் சீட்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலின் வகையால் எந்த வேறுபாடும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 14 சொற்களை நினைவுகூர்ந்தவர் எந்தக் குழுவில் இருந்திருந்தாலும் 14 சொற்களைத்தான் சொல்லியிருப்பார். எந்தச் சீட்டு எந்தக் குழுவில் விழுந்தது என்பது வெறும் குலுக்கலின் வேலை. ஆகவே சீட்டுகளைக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, வேறுபாட்டைக் கணக்கிட்டு, மறுபடி கலையுங்கள். வகுப்பு முழுவதும் இதைச் செய்யும்போது 0, 1, 1.5 என்று சிறிய வேறுபாடுகள்தாம் குவிகின்றன. 4 அரிதாகவே வருகிறது. எவ்வளவு அரிது என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். முதல் குழுவின் கூட்டுத்தொகை 52 அல்லது அதற்கு மேல் வர வேண்டுமானால் அந்த 70-இல் மூன்று வழிகள்தாம் உண்டு. (15, 14, 12, 12 ஒன்று, 15, 14, 11 ஆகியவற்றோடு இரண்டு 12-களில் ஏதேனும் ஒன்று என்று இன்னும் இரண்டு.) 70-இல் 3, அதாவது 0.043. இன்மை எடுகோள் என்றால் என்ன, பி மதிப்பு (வேறுபாடு இல்லை என்று கொண்டால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு வரும் வாய்ப்பு) என்றால் என்ன என்று நாம் ஒரு பருவம் முழுதும் சொல்லிப் பார்ப்பவை இந்தச் சீட்டுக்கட்டுக்குள் இருக்கின்றன.

இது என் கண்டுபிடிப்பன்று. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலில், தேநீரில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று சுவைத்தே சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியைச் சோதிப்பதற்காக அமைத்ததும் எட்டுக் கோப்பைகள், நான்கு நான்கு, அதே 70 வழிகள்தாம்.

---

திசைமானி

வெள்ளாறு அவர்களின் விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நொச்சி அம்மாவுக்கு நாளை வகுப்பில் ஒரு சங்கடம் நேரக்கூடும் என்பதால் எச்சரிக்கிறேன். அதே தரவுக்கு டி மதிப்பைக் கையால் போட்டுப் பாருங்கள். விலக்க வர்க்கங்களின் கூடுதல் முதல் குழுவில் 10, இரண்டாவதில் 14, மொத்தம் 24. அதை 6-ஆல் வகுத்தால் 4. வேறுபாட்டின் திட்டப்பிழை 1.414. டி மதிப்பு 2.83. கட்டின்மைக் கூறு 6-க்கு (எட்டுப் பேரிலிருந்து இரு சராசரிகளுக்காக இரண்டைக் கழித்தது), 5 விழுக்காட்டில் இருமுனைச் சோதனையின் (வேறுபாடு எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கில் கொள்வது) அட்டவணை மதிப்பு 2.447. ஆகவே நிராகரிக்கிறோம். சீட்டு முறையிலோ, இருமுனை என்றால் எதிர்ப்பக்க மூன்றையும் சேர்த்து 70-இல் 6, அதாவது 0.086. நிராகரிக்க முடியாது! ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு. விவரமான மாணவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. சீட்டு முறைக்கு ஒரு வாரம் போய்விட்டால், பாடத்திட்டத்தில் மீதியுள்ள அனோவாவையும் (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) கை-வர்க்கத்தையும் (எண்ணிக்கைகளை ஒப்பிடும் சோதனை) யார் முடிப்பது? தேர்வில் கேட்பது கட்டம் போட்ட கணக்கு. அதில் மதிப்பெண் குறைந்தால் பெற்றோரும் துறைத்தலைவரும் கேட்பது பொருள் புரிந்ததா என்பதையன்று. கையால் கணக்குப் போடுவதை இழிவாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, கூட்டி எழுதும்போதுதான் ஒரேயொரு விலகிய மதிப்பு எல்லாவற்றையும் எப்படி இழுத்துவிடுகிறது என்பது விரல்நுனிக்குத் தெரிகிறது. எதிர்க்கத்தக்கது கையால் போடுவதன்று. மூன்று தசமத்தில் கொடுக்கப்பட்ட நாற்பது மதிப்புகளைக் கையால் போடச் சொல்வதுதான். எண்களைச் சிறிதாக, முழு எண்களாக, சராசரி முழு எண்ணாக வரும்படி அமைத்துக் கொடுத்தால் பாதித் துன்பம் தீர்ந்துவிடும். மேலே உள்ள எட்டு எண்களே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

---

நொச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. ரெக்கார்டு நோட்டை எடுத்துவரச் சொல்லி அடுத்த வகுப்பைத் தொடங்கப்போகிறேன். திசைமானி ஐயா சுட்டிய முரண்பாட்டை நானும் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது. மாணவர்கள் கேட்கும் முன் எனக்கே பதில் தெரிய வேண்டும். எந்தத் தீர்ப்பு சரி?

---

வெள்ளாறு

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள். குலுக்கிப் பிரித்தோம் என்ற ஒன்றை மட்டும் சீட்டு முறை நம்புகிறது. டி சோதனையோ மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலிலிருந்து (மணி வடிவப் பரவல்) வந்தவை, இரு தொகுதிகளின் அலைவும் சமம் என்று கூடுதலாக நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குக் கூலியாகத்தான் அதற்கு நுட்பமான விடை கிடைக்கிறது. எட்டே பேர் என்பதால் சீட்டு முறையின் படிகள் மிகப் பெரியவை: இருமுனையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய மதிப்பே 70-இல் 2, அதாவது 0.029, அதற்கு அடுத்த படி நேராக 70-இல் 6. இடையில் எதுவும் இல்லை. குழுவுக்குப் பத்துப் பேர் என்றால் பிரிக்கும் வழிகள் 1,84,756 ஆகிவிடும். அப்போது இரண்டு முறைகளும் பெரும்பாலும் ஏறத்தாழ ஒன்றாகவே பேசும்.

இந்தச் சங்கடம் ஃபிஷருக்கே நேர்ந்தது என்று மாணவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் முகம் மலரும். அதே 1935 நூலில், சார்லஸ் டார்வின் வளர்த்த மக்காச்சோளச் செடிகளின் உயரத் தரவை அவர் எடுத்துக்கொள்கிறார். அயல்மகரந்தச் சேர்க்கையில் ஒன்று, தன்மகரந்தச் சேர்க்கையில் ஒன்று என்று 15 இணைகள். டி மதிப்பு 2.148; 5 விழுக்காட்டு எல்லை 2.145. மயிரிழையில் எல்லையைத் தாண்டிவிட்டது. பிறகு ஒவ்வோர் இணையின் வேறுபாட்டுக்கும் கூட்டல் கழித்தல் குறியை மாற்றி மாற்றிப் போட்டால் வரக்கூடிய 32,768 வழிகளையும் கணக்கில் எடுத்தபோது, கிடைத்த வேறுபாட்டை எட்டுபவை அல்லது மிஞ்சுபவை 1,726. அது 5.27 விழுக்காடு. மயிரிழையில் எல்லைக்கு இந்தப் பக்கம்! தம் கணக்கில் ஏதோ கோளாறு என்று அவர் பதறவில்லை. இரண்டு விடைகளும் இவ்வளவு நெருங்கி வருவதை டி சோதனைக்கு ஆதரவாகவே எடுத்துக்கொண்டார். 5 விழுக்காடு என்பது வேலிபோல் நடப்பட்ட கோடன்று என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒருமுனையா இருமுனையா என்பதைப் பற்றியும் ஒரு சொல். வகைப்படுத்துதல் நினைவுக்கு உதவும் என்ற திசையோடு எடுகோளை வைத்திருந்தால் 0.043, திசை இல்லாமல் வைத்திருந்தால் 0.086. எது என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் எடுகோள் என்ற தலைப்பின்கீழ் எழுதி, தேதி போட்டு, உங்களிடம் காட்டியிருக்க வேண்டும். தேதி இல்லாத எடுகோளை நான் ஏற்பதில்லை.

---

மதகு

தாமதமாக வருகிறேன். மேலே பேசப்பட்டது பெரும்பாலும் பி மதிப்பு எப்படி உருவாகிறது என்பது பற்றி. அதைத் தலைகீழாகப் படிக்கும் பழக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் அதுதான் மாணவர்களைவிட நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஜெர்மனியில் ஹாலர், கிராஸ் என்ற இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளில், ஒரு டி சோதனையின் முடிவைக் கொடுத்து, அதைப் பற்றிய ஆறு கூற்றுகளைச் சரியா தவறா என்று கேட்டார்கள். இன்மை எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு நமக்குக் கிடைத்துவிட்டது, திரும்பச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை இதே முடிவு வரும் என்கிற வகையிலான கூற்றுகள். ஆறும் தவறு. மாணவர்களில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு கூற்றைச் சரி என்றார்கள். புள்ளியியல் கற்பிக்காத உளவியல் ஆய்வாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர். புள்ளியியலும் ஆய்வுமுறையும் கற்பிக்கும் ஆசிரியர்களில் 80 விழுக்காட்டினர்! வகுப்பு மௌனமாகிவிடுகிறது என்று நொச்சி அவர்கள் வருந்தினார்கள். கரும்பலகைப் பக்கம் நிற்பவர்களின் நிலையும் அவ்வளவு மேலானதன்று.

இதற்கு வெள்ளாறு அவர்களின் சீட்டுகளே மருந்தாகும், ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னால். சீட்டுகளைக் கலைக்கும் முன் நாம் என்ன சொன்னோம்? பட்டியலால் வேறுபாடு இல்லை என்றே வைத்துக்கொள்வோம் என்றோம். 70-இல் 3 என்பது அந்த அனுமானத்துக்கு உள்ளே நின்று எண்ணிய எண். அனுமானம் உண்மையா என்பதன் நிகழ்தகவை அதற்குள்ளேயே நின்று எண்ண வழியில்லை. 0.043 என்பதை, பட்டியலால் வேறுபாடு இல்லாமலிருக்க 4.3 விழுக்காடு வாய்ப்பு என்று ஒரு மாணவர் எழுதினால், சீட்டுகளை மறுபடி அவர் கையில் கொடுத்து, இதில் எங்கே அதை எண்ணினாய் என்று கேளுங்கள்.

தலைகீழாகப் படிப்பதன் ஆபத்தை உளவியல் மாணவர்களுக்கு அவர்கள் தொழிலிலிருந்தே காட்ட வேண்டும். பெரும்பாலோர் ஆற்றுப்படுத்துநராக விரும்புகிறவர்கள். எனக்கெதற்குக் கணக்கு என்பவர்களும் அவர்களே. ஒரு கல்லூரியில் 1,000 மாணவர்கள், அவர்களில் 50 பேருக்கு மனச்சோர்வு நோய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாத்தாள் அந்த 50-இல் 40 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயில்லாத 950 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 95 பேரைத் தவறாகப் பிடிக்கிறது. வினாத்தாளில் எல்லையைத் தாண்டி வந்து உங்கள் அறையில் அமர்ந்திருக்கும் மாணவிக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? கேட்டவுடன் 80 விழுக்காடு என்பார்கள். தாண்டியவர்கள் மொத்தம் 135. அவர்களில் நோயுள்ளவர்கள் 40. முப்பது விழுக்காட்டுக்குச் சற்றே குறைவு. நோயிருந்தால் வினாத்தாள் காட்டும் வாய்ப்பும், வினாத்தாள் காட்டினால் நோயிருக்கும் வாய்ப்பும் வேறு வேறு என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. அந்த மாணவியின் கோப்பில் என்ன எழுதப்படும் என்பது இதைப் பொறுத்தது. விழுக்காடுகளைத் தவிர்த்து இப்படி ஆட்களாக எண்ணிச் சொன்னால் மருத்துவர்களுக்கும் எளிதில் விளங்குகிறது என்பதை கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுண்டு. புள்ளியியலில் நாம் தடுக்கி விழும் இடங்களே உளவியலின் பாடப்பொருளும் ஆகும். உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் கேட்ட மருத்துவமனைக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரிய மருத்துவமனையில் நாளொன்றுக்குச் சுமார் 45 குழந்தைகள் பிறக்கின்றன, சிறியதில் 15. பிறந்தவற்றில் 60 விழுக்காட்டுக்கும் மேல் ஆண் குழந்தைகளாக அமையும் நாட்கள் ஓராண்டில் எங்கே அதிகம்? அவர்கள் கேட்ட 95 இளநிலை மாணவர்களில் 53 பேர் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றார்கள். பெரியது என்றவர் 21, சிறியது என்றவரும் 21. சரியான விடை சிறிய மருத்துவமனை. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 55 நாட்கள் அப்படி அமையலாம், பெரியதில் அதில் பாதிதான். நான்கு சீட்டு, பதினாறு சீட்டு என்று கரும்பலகையில் புள்ளி அடுக்கிய வகுப்புக்கு இந்தக் கேள்வி எளிது. அடுக்குவதற்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் கேட்டு, கைதூக்கச் சொல்லி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்ணிக்கைகளே ஒரு கை-வர்க்கக் கணக்கு ஆகிவிடும் என்று ஆசை வரும். ஆனால் இரு முறையும் கைதூக்கியவர்கள் ஒரே ஆட்கள், ஆகவே சாதாரண கை-வர்க்கச் சோதனை அங்கே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று அவர்களையே கேட்டால் ஒரு வகுப்பு நேரம் நன்றாகப் போகும்.

---

கரும்பலகை

மதகு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இறுதியாண்டு மாணவர்களுக்கு 2015-இல் சயின்ஸ் இதழில் வந்த மறுஆய்வுத் திட்டத்தைக் காட்டாமல் அனுப்பக் கூடாது. முன்னணி உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காட்டில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தது. திரும்பச் செய்தபோது 36 விழுக்காட்டில்தான் அப்படி வந்தது. அட்டவணை மதிப்பைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவருக்கு இந்த இரண்டு எண்களே போதும். வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதையும் கூறு எவ்வளவு சிறிது என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் இளநிலையிலேயே வர வேண்டும். மேலே உள்ள எட்டுப் பேர் தரவில் வேறுபாடு 4, பொதுத் திட்ட விலக்கம் 2. ஆக விளைவின் அளவு (வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 2. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 0.8-ஐயே பெரியது என்றார். எட்டுப் பேரை வைத்து 2 வருகிறதென்றால் மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

கணினியைப் பொறுத்தவரை, விலைகொடுத்து எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்க முடியாத கல்லூரிகள் ஜாஸ்ப், ஜமோவி ஆகிய இலவச மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். ஜாஸ்ப் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது. ஆசிரியரின் மடிக்கணினி ஒன்றே போதும். மாணவர்களின் எண்களை அவர்கள் கண்முன்னே உள்ளிட்டு, கையால் போட்ட விடையோடு ஒப்பிடலாம்.

---

நொச்சி

நன்றி. கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. பொருள் புரிந்ததா என்று அகமதிப்பீட்டில் எப்படிச் சோதிப்பது? விளக்கம் எழுது என்றால் பக்கம் பக்கமாக மனப்பாடம் வருகிறது.

---

திசைமானி

நான் செய்வதைச் சொல்கிறேன். கணக்கை முழுவதும் போட்டு, டி மதிப்பு வரை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுவேன். கீழே இரண்டே கேள்விகள். ஒன்று: இந்த முடிவை, புள்ளியியல் படிக்காத உன் அம்மாவுக்குப் புரியும்படி இரண்டு வாக்கியங்களில் எழுது, எடுகோள், நிராகரிப்பு, மிகைகாண் நிலை ஆகிய சொற்கள் வரக்கூடாது. இரண்டு: ஒவ்வொரு குழுவிலும் ஆட்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகி, சராசரிகளும் திட்ட விலக்கங்களும் இப்படியே இருந்தால், டி மதிப்பு கூடுமா, குறையுமா, எத்தனை மடங்கு? இரண்டாவதை மனப்பாடத்தால் எழுத முடியாது. திட்டப்பிழை ஏறத்தாழ பாதியாகும், ஆகவே டி மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று எழுதுபவர் கரும்பலகையில் அடுக்கிய புள்ளிகளைப் பார்த்தவர்.

முதல் கேள்விக்கு மதிப்பெண் போடுவது சற்றுக் கடினம்தான். காரணம் சொல்லாமல் நிரூபித்துவிட்டோம் என்று எழுதினால் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறேன். குலுக்கலில் மட்டும் இவ்வளவு வேறுபாடு வருவது அரிது என்ற கருத்து எந்தச் சொற்களில் வந்தாலும், பேச்சுவழக்கில் வந்தாலும், முழு மதிப்பெண். வினாத்தாள் அமைப்புக் குழுவில் உங்களுக்கு இடம் கிடைத்தால் பருவத் தேர்விலும் இந்த வகையில் ஒரு கேள்வியையாவது, ஐந்து மதிப்பெண்ணுக்காவது நுழைத்துவிடுங்கள். தேர்வில் வருகிறது என்று தெரிந்தால் சீட்டுக்கட்டுக்குச் செலவான வாரத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.